நாய்க்கு ஒரு 'ங்க'

என் அக்காவின் கணவர் இருபத்தெட்டு வருடங்களாக ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறார். டாக்டர் இல்லை. ஆனால் வருகிறவர்கள் டாக்டர் என்று கூப்பிட்டால் அவர் மறுத்ததும் இல்லை. கடையின் பின்பக்கம் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அலமாரி அளவுக்கு ஓர் அறை, அறைக்குள் ஒரு சுழல் நாற்காலி, எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் தொடங்கி எறும்பு எழுத்தில் முடியும் பலகை. வந்தவரின் மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, அதில் கண்ணாடி வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா? ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பதுதான் வேலை. அதனால் தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. ஒண்ணா-ரெண்டா என்றால் தெரியும். எனக்கு அவர் மாமா.

அந்த அறைக்குள் அவர் குரலைக் கேட்க வேண்டும். "இங்க பாருங்க. நேரா. ஆங், அப்படித்தான். ஆடாம இருங்க." தேனும் பாலும் ஓடும். அழுதுகொண்டே வரும் குழந்தை அந்தக் குரலுக்கு வாயை மூடும். எதற்கும் அடங்காத மனிதர்கள் முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, நேராகப் பார்ப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டாராம், ஆள் மூன்றடி இருந்தாலும் ஆறடி இருந்தாலும் வாடிக்கையாளருக்கு 'ங்க' போட்டுத்தான் பேச வேண்டும் என்று. அதை அவர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார். மூக்கொழுகும் நான்கு வயதுப் பிள்ளையைக்கூட "இங்க பாருங்க" என்றுதான் அழைப்பார். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களை, ஒரு சாண் தூரத்தில், வேறு நினைப்பே இல்லாமல் உற்றுப் பார்க்கிற மனிதர் அவர்.

மாலை ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் கண்ணுக்கு ஷட்டர் இறங்கிவிடும். பலகைக்குப் பதிலாகக் கைபேசி. அதில் சதுரங்கம் ஆடுவார். எதிரில் ஆடுவது இயந்திரம். தினமும் தோற்பார், தினமும் ஆடுவார். அந்த நேரத்தில் வீட்டுக்குள் மாடு புகுந்தாலும் அவருக்குத் தெரியாது.

என் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பேச்சையும் "இங்க பாருங்க" என்றுதான் தொடங்குவாள். சில வண்டிகளைக் கிக்கரை உதைக்காமல் கிளப்ப முடியாது. அவளுக்கு அந்த வார்த்தை அப்படி. "இங்க பாருங்க, குளியலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கு." "உம்." "இங்க பாருங்க, எதிர்வீட்டு அம்மா காலை உடைச்சுக்கிட்டாங்களாம்." "உம்." "இங்க பாருங்க, உங்க பொண்ணு போன் பண்ணா." "உம்." காது கொடுத்துக் கேட்பது, முகம் கொடுத்துப் பேசுவது என்றெல்லாம் நாம் சொல்கிறோம். மாமா காதும் கொடுக்கவில்லை, முகமும் கொடுக்கவில்லை. கொடுத்தது ஒரு 'உம்' மட்டும்.

ஒரு நாள் எனக்கு முன்னாலேயே அக்கா அவரைச் சோதித்தாள். "இங்க பாருங்க, உங்க செருப்பை எண்ணெய்ல வறுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

"உப்பு கம்மியாப் போடு" என்றார் மாமா, குதிரையை நகர்த்திக்கொண்டே.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவரிடமிருந்து அவளுக்குக் கிடைப்பதெல்லாம் "ஏய்", "இந்தா", "இங்க பாரு, என் சாவி எங்க?" என்ற ரகம்தான். ஊருக்கெல்லாம் 'ங்க' கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வருவதற்குள் அவரிடம் சரக்கு தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியமா என்றால், இல்லை. நான் லிஃப்ட் மெக்கானிக். அக்கா பகலில் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டு லிஃப்ட் கூண்டின் மேல் வைத்துவிட்டு, போல்ட்டை முறுக்கிக்கொண்டே 'உம்' சொல்வேன். கூண்டு ஓடும் குழிக்குள் அந்த 'உம்' எட்டு மாடிக்கும் எதிரொலிக்கும். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அது பரம்பரைச் சொத்து.

வீட்டில் இருந்த ஒரே காது என் அக்கா மகள்தான். அவளும் வேலை கிடைத்து வேறு நகரத்துக்குப் போனாள். போன இடத்தில் நண்பர்களோடு தங்கிய அறையில் வளர்த்த நாயை, ஒரு விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து விட்டாள். "ரெண்டே மாசம்மா, விடுதி மாத்தினதும் எடுத்துக்கறேன்" என்றாள். அது நடந்து பதினோரு மாதம் ஆகிறது. நாய் பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். அவள் அதற்கு ஏதோ ஓர் அயல்நாட்டுப் பெயர் வைத்திருந்தாள். மாமா அதை மூன்று தடவை உச்சரித்துப் பார்த்தார். மூன்று தடவையும் தும்மல் போல வந்தது. வாலு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சேட்டைக்கும் பொருந்தியது, உடம்புக்கும் பொருந்தியது.

அக்கா அதோடு பேசத் தொடங்கினாள். காலையில் மாமா கிளம்பியதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை பேசுவாள். வாலு கேட்டதா என்றால், அதுவும் இந்த வீட்டு நாய்தானே. அவள் குழாயைப் பற்றிச் சொன்னால் அது சுவரில் இருக்கும் பல்லியைப் பார்க்கும். ஆனாலும் பல்லியைப் பார்த்தபடியே அவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும். 'உம்' சொல்லாது. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியின் லிஃப்டை நான்தான் பிரித்துப் போட்டிருந்தேன். எல்லோரும் படியேறிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு முழு அட்டை முட்டையை இரண்டு கையிலும் ஏந்தி, கோயில் தேர் போல மெதுவாக ஏறி வந்தார். மேலிருந்து வாலு இறங்கியது. வாரின் மறுமுனையில் மாமா இருந்தார். "வாலு, நில்லு. வாலு, இங்க பாரு. ஏய்" என்று அவர் கத்தியது எட்டு மாடிக்கும் கேட்டது, வாலுவைத் தவிர எல்லோருக்கும். அதற்குப் பிறகு செயலாளரின் வெள்ளை வேட்டி வெள்ளையாக இல்லை.

மறுநாள் லிஃப்டுக்குள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. செயலாளர் ஓய்வு பெற்ற பதிவாளர். அவர் மூச்சு விட்டாலே 'மேற்படி' என்றுதான் வரும்.

'மூன்றாம் மாடி வசிப்பிடத்தைச் சேர்ந்த மேற்படி பிராணி, அதன் உரிமையாளரின் அழைப்புக்குக் கவனம் செலுத்தும் தன்மையற்றதாக அறியப்படுகிறது. ஆகவே, இன்றிலிருந்து ஆறாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, வாகன நிறுத்துமிடத்தில், நிர்வாகக் குழு முன்னிலையில், பத்தடி தூரத்திலிருந்து உரிமையாளர் அழைக்க, மூன்று அழைப்புக்குள் மேற்படி பிராணி அவர் முகத்தைப் பார்த்து, பத்து எண்ணும் வரை பார்வையை விலக்காதிருக்க வேண்டும். தவறும் பட்சத்தில் மேற்படி பிராணி அன்று மாலைக்குள் வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும்.'

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டேன். "இங்க பாருடா" என்று தொடங்கினாள். அப்புறம், "அதுவும் போயிடுச்சுன்னா நான் சுவத்தோடதான்டா பேசணும்" என்றாள். நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

நாயைப் பழக்கும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். அக்காவுக்காக என்று நினைக்க வேண்டாம். உரிமையாளர் என்று சங்கத்துப் பதிவேட்டில் இருப்பது அவர் பெயர். அவர் சொல்லை ஒரு நாய் மதிக்கவில்லை என்று லிஃப்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது அவருக்குச் சுட்டது. "மாப்ள, முகத்தைப் பார்க்க வைக்கறதுதான் என் தொழிலே. அழற குழந்தையை அரை நிமிஷத்துல நேரா பார்க்க வெச்சிருக்கேன். நாய் எம்மாத்திரம்?" என்றார்.

பழக்கும் முறையில் குறை சொல்ல முடியாது. கடைக்குக் கண் காட்ட வந்த ஒரு கால்நடை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். பிஸ்கட்டைப் பட்டாணி அளவுக்கு உடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை எடுத்து நாயின் மூக்குக்குக் காட்டி, மெல்லத் தன் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். மூக்கு பிஸ்கட்டைத் தொடரும், கண் மூக்கைத் தொடரும், ஏதோ ஒரு கணத்தில் நாயின் கண் மனிதன் கண்ணைச் சந்திக்கும். அந்தக் கணத்தில் 'ஆங்' என்று சொல்லிப் பிஸ்கட்டைக் கொடுக்க வேண்டும். அப்புறம் பிஸ்கட்டை மறைத்துவிட்டு வார்த்தையை மட்டும் சொல்ல வேண்டும். ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

முன்னேற்றத்தைக் குறித்துவைக்கக் கடையிலிருந்து மூக்குக்கண்ணாடி அளவு எழுதும் சீட்டுகளைக் கொண்டுவந்தார். முதல் நாள் சீட்டில் 'வலது கண்: பல்லி. இடது கண்: பிஸ்கட்' என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன்.

நான்கு நாள் கழித்து, சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்ற அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாமா தரையில் மண்டியிட்டிருந்தார். வாலு எதிரில். முதலில் அதிகாரமாகத்தான் ஆரம்பித்தார். "வாலு, இங்க பாரு." வாலு மின்விசிறியைப் பார்த்தது. "இங்க பாரு." வாசலைப் பார்த்தது. மாமா பிஸ்கட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். வாலுவின் கண் லேசாக அவர் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், இருபத்தெட்டு வருடப் பழக்கம் அவர் தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு சாண் தூரத்தில் ஒரு ஜோடிக் கண். அதற்கு வேறு எந்தப் பேச்சும் அவர் நாக்குக்குத் தெரியாது.

"இங்க பாருங்க" என்றார், தேன் குரலில். "நேரா. ஆங், அப்படித்தான். ஆடாம இருங்க."

வாலு ஆடாமல் இருந்தது. பிஸ்கட் கிடைத்தது.

நான் கையில் ஸ்பானரோடு அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். நானும் ஓடினேன்.

"அக்கா, மாமா நாய்க்கு 'ங்க' போடறார்."

"தெரியும். மூணு நாளா போடறார். அவருக்குத் தெரியாது. நீயும் சொல்லித் தொலைக்காத."

"ஏன்?"

"சொன்னா வெக்கப்பட்டு மாத்திடுவார். அது இப்பத்தான் பிடிச்சிருக்கு, பாவம், குழம்பிடும்." அடுப்பைச் சிறிதாக்கினாள். "இந்த வீட்டுல ஒரு ஜீவனுக்காவது மரியாதை கிடைக்கட்டுமேடா."

மூன்றாவது வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. குரலில் ஒரு துள்ளல். முந்தின நாள் மாலை அவள் மாமாவிடம், "இங்க பாருங்க, எதிர்வீட்டு அம்மாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சாம்" என்று தொடங்கியிருக்கிறாள். மாமா 'உம்' என்றிருக்கிறார். படுக்கையறையில் படுத்திருந்த வாலு எழுந்து வந்து, அவள் முன்னால் உட்கார்ந்து, நேராக அவள் முகத்தைப் பார்த்ததாம். "பிஸ்கட்டுக்குத்தான்னு நெனச்சேன். கையை விரிச்சுக் காட்டினேன். அப்பவும் போகலடா. கட்டுப் பிரிச்சது, அந்தம்மா மருமக வந்தது, எல்லாம் நான் முடிக்கற வரைக்கும் பார்த்துச்சு."

ஒரு மனுஷி ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொல்லி முடிப்பது போனில் சொல்லிச் சந்தோஷப்படும் செய்தியாகிவிட்ட வீடு அது.

அதற்குப் பிறகு அவள் எப்போது "இங்க பாருங்க" என்றாலும் வாலு ஆஜர். இதை ஒரு வாரம் கழித்துத்தான் மாமா கண்டார். கண்டதும் சதுரங்கத்தைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணமாகி முதல் தடவை என்று அக்கா சொல்வாள்.

"இங்க பாரு, நான் பழக்கின நாயை நீ கெடுக்கற. அது என்னைத்தான் பார்க்கணும். பரீட்சை முடியற வரைக்கும் அந்த வார்த்தையை இந்த வீட்டுல நீ சொல்லக் கூடாது."

தான் அவளிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னோம் என்பதும், வாலு அப்போது திரும்பவே இல்லை என்பதும் அவர் கவனத்துக்கு வரவில்லை. அக்கா சரி என்றாள். வாலு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் வாயையே தைத்துக்கொள்ளவும் அவள் தயாராக இருந்தாள்.

முதல் இரண்டு நாள் மாமா சொர்க்கத்தில் இருந்தார். வீடு நூலகம் மாதிரி இருந்தது. ஒரு ஆட்டத்தில் இயந்திரத்தோடு சமன்கூடச் செய்தார். மூன்றாம் நாள் குளிக்கப் போனவர் உடம்பெல்லாம் சோப்போடு நின்றார். தொட்டியைக் கழுவப் போகிறார்கள், பத்து மணி வரை தண்ணீர் வராது என்று காவலாளி முந்தின நாளே அக்காவிடம் சொல்லிப் போயிருந்தார். ஐந்தாம் நாள் கடைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். முதலாளி வீட்டில் துக்கம், கடை விடுமுறை என்று வீட்டுக்கு வந்த போனை அக்காதான் எடுத்திருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்று குதித்தார்.

அக்கா நாயைக் காட்டினாள். "தொடங்கற வார்த்தையை நீங்க வாங்கி வெச்சுக்கிட்டீங்க. அது இல்லாம எனக்குப் பேச வரல."

ஆறாவது ஞாயிறு வந்தது. வாகன நிறுத்துமிடத்தில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் நிர்வாகக் குழு உட்கார்ந்திருந்தது. பால்கனிகளில் வேடிக்கை பார்க்கக் கூட்டம். மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். செயலாளர் அவர் சட்டைப் பையைச் சோதித்து, தின்பண்டம் எதுவும் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஒரு கோட்டில் மாமா. பத்தடி தள்ளி அடுத்த கோட்டில் வாலுவின் வாரைப் பிடித்துக்கொண்டு நான். அக்கா தூண் ஓரமாக நின்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. வாலுவின் தட்டையும் போர்வையையும் ஒரு பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அதைப் பார்த்தபோதே எனக்குச் செயலாளரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

"முதல் அழைப்பு" என்றார் செயலாளர்.

வீட்டில், கதவுக்குப் பின்னால், மண்டியிட்ட நிலையில் மாமாவின் குரல் வேறு. இங்கே ஐந்து ஆண்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், பால்கனியில் ஐம்பது பேர். மாமா நெஞ்சை நிமிர்த்தினார். மீசையைத் தடவினார். தன் சொல்லுக்கு வீடே நடுங்கும் என்று காட்டுகிற குரலில், "ஏய் வாலு, இங்க பாரு" என்று அதட்டினார்.

வாலு ஒரு புறாவைப் பார்த்தது.

"இரண்டாம் அழைப்பு."

"டேய், இங்க பாருடா."

வாலு என் காலணியை முகர்ந்தது. பால்கனியில் யாரோ சிரித்தார்கள். மாமாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"இங்க பாருங்க" என்றாள் அக்கா.

மாமாவைத்தான் கூப்பிட்டாள். வாலு விருட்டென்று திரும்பி, வாலை ஆட்டியபடி, அவள் முகத்தை நேராகப் பார்த்து உட்கார்ந்தது.

"உரிமையாளர் அல்லாதவர் அழைப்பு செல்லாது" என்றார் செயலாளர்.

"நான் அதைக் கூப்பிடலைங்க. இவரைத்தான் கூப்பிட்டேன்." அக்கா மாமாவிடம் திரும்பினாள். "அதுக்கு 'ங்க' போடுங்க. நீங்க அப்படித்தான் பழக்கியிருக்கீங்க."

"நானா? நாய்க்கா?" மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். குழுவில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நான் நினைத்தேன், இவர் செய்ய மாட்டார். நாய் போனால் போகட்டும், மீசை இருக்கட்டும் என்று வீட்டுக்குப் போய்விடுவார். அக்காவுக்கு என்ன ஆனால் அவருக்கு என்ன?

மாமா அக்காவைப் பார்த்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை, கடையில் பார்ப்பது போலப் பார்த்தார். அவள் கண் சிவந்து, இமை வீங்கியிருந்தது. இரண்டு மூன்று நாள் அழுத கண். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு வில்லை எதுவும் தேவைப்படவில்லை. கைகளால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். கோட்டிலேயே மண்டியிட்டார், இஸ்திரி போட்ட பேன்ட்டோடு.

"மூன்றாம், கடைசி அழைப்பு."

"இங்க பாருங்க" என்றார் மாமா. "நேரா. ஆங், அப்படித்தான். ஆடாம இருங்க."

வாலு திரும்பியது. அவர் கண்ணையே பார்த்தது. புறா பறந்தது, அது அசையவில்லை. அதைவிட, நிர்வாகக் குழுவைப் பார்த்திருக்க வேண்டும். அத்தனை பேரும் மாமாவின் கடையில் அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள். ஐந்து முதுகும் ஒன்றாக நிமிர்ந்தன. ஐந்து மோவாயும் உயர்ந்தன. செயலாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேரே மாமாவைப் பார்த்து, ஆடாமல் இருந்தார். எண்ண வேண்டியவர் அவர்தான் என்பது அவருக்கே மறந்துபோனது. "எண்ணுங்க சார்" என்று நான் கத்திய பிறகுதான் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். பத்து வந்தது. வாலு பதினைந்து வரை பார்த்தது.

மதியத்துக்குள் லிஃப்டில் புது அறிவிப்பு வந்துவிட்டது. 'மேற்படி பிராணி, உரிய மரியாதையுடன் அழைக்கப்படும் பட்சத்தில் கவனம் செலுத்துவதாக நிர்வாகக் குழு திருப்தியடைகிறது. ஆகவே, பாதுகாப்பைக் கருதி, குடியிருப்போர் அனைவரும் இனி மேற்படி நாயை மரியாதைப் பன்மையிலேயே விளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இன்றைக்கும் அந்த மாடிப்படியில் செயலாளர், "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?" என்று கேட்டு வழி வாங்குவதை நீங்கள் பார்க்கலாம். வாலு தள்ளிக்கொள்ளும்.

அன்று மாலை நான் அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கட்டி வைத்த பையை அவள் பிரித்துவிட்டாள். தட்டும் போர்வையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அவள் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், வாலு அவள் காலடியில். மாமா படுக்கையறையிலிருந்து வந்தார். கையில் கைபேசி இல்லை.

"ஏய், இங்க பாரு" என்றார்.

வாலு திரும்பவில்லை. அக்காவும் திரும்பவில்லை. கத்தி பலகையில் டக் டக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான். இங்க பாரு."

டக் டக் டக்.

மாமா என்னைப் பார்த்தார். நான் டம்ளருக்குள் பார்த்தேன். இந்த விஷயத்தில் நான் உதவி செய்வதாக இல்லை.

"இங்க பாருங்க" என்றார் மாமா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். இரண்டு பேரும் நேராகப் பார்த்தார்கள். இவ்வளவு கவனம் ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"இல்ல... அந்தக் குளியலறைக் குழாய். சொட்டுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே. நாளைக்கு ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"அதைத் தம்பி போன மாசமே சரி பண்ணிட்டான்."

மாமா குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஒரு மாதமாக வரவில்லை.

"வேற என்ன இருக்கு?" என்று கேட்டார், கொஞ்சம் பயந்த குரலில்.

அக்கா கத்தியைப் பலகை மேல் வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இங்க பாருங்க" என்று தொடங்கினாள். வாலு நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம், எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, மாமாவும் உட்கார்ந்தார்.